ஒத்த நம்பர்க்காரர்கள்

ஜமீன்தார் என்றால் நிலம் வைத்திருப்பவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நிலம் கைவிட்டுப் போன பிறகு ஜமீன்தார் ஆனவர்களை ஒரகடத்துப் பக்கம்தான் பார்த்தேன். ஒருவர் இருவர் இல்லை, ஒன்பது பேர். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிள் மிதித்துக்கொண்டு, காலை ஆறரை மணி ஷிப்டுக்கு வருகிற ஜமீன்தார்கள்.

1991-இல் நான் அங்கே ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. சொந்த ஊர் காஞ்சிபுரம், வயது இருபத்தைந்து, வாய் கொஞ்சம் நீளம். கேட் பக்கத்தில் ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை தொங்கும். வருகிறவன் தன் வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பெட்டியைத் திறந்து, வில்லைகளைப் பார்த்து, பதிவேட்டில் வருகை குறித்துவிட்டு, மறுபடி ஆணியில் மாட்டுவது என் வேலை. முந்நூறுக்கு மேல் வில்லை. இதற்கா பி.காம். படித்தேன் என்று தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பலகையின் மேல் வரிசையில் ஒன்று முதல் ஒன்பது வரை. ஒற்றை இலக்கம் என்பதால் அவைதான் ஒத்த நம்பர்கள். கம்பெனி கட்ட நிலம் கொடுத்த ஒன்பது குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேச்சு. நிலத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட வரிசையில் நம்பரும் கொடுத்துவிட்டார்கள். முதலில் மசிந்தவர் முதல் நம்பர். "என் பொணத்து மேலதான் கம்பெனி வரும்" என்று ரெண்டு மாதம் முறுக்கிக்கொண்டு நின்ற மனிதருக்கு ஒன்பது. அவர் வீரத்துக்குக் கிடைத்த பரிசு, மேல் வரிசையில் கடைசி ஆணி.

இவர்களுக்குச் சம்பளம் எல்லா ஹெல்ப்பருக்கும் உள்ளதுதான். ஆனால் நடை வேறு. கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டு இவர்களுக்கு. கல்யாணப் பந்தியில் முதல் இலை இவர்களுக்கு. கம்பெனிக்குள் அவரவர் நிலம் எங்கே இருந்ததோ அங்கேதான் வேலை செய்வார்கள், வேறு எங்கேயும் மாற்ற முடியாது. ஒன்றாம் நம்பரின் மாந்தோப்பு இருந்த இடத்தில்தான் கேன்டீன். அவர் சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுக்கமாட்டார். மேசை மேசையாகப் போய், "இன்னாப்பா, கூச்சப்படாம சாப்புடு, இன்னும் ரெண்டு கரண்டி வாங்கிக்கோ" என்று உபசரிப்பார். புதிதாக வந்தவன் அவரைக் கேன்டீன் கான்ட்ராக்டர் என்று நினைத்து, சாம்பாரில் உப்பு இல்லை என்று புகார் சொல்வான். அவரும் கேட்டுக்கொள்வார். ஏழாம் நம்பரின் நிலத்தில் கக்கூஸ் கட்டிவிட்டார்கள். பாவம், ஒத்த நம்பரிலேயே அவருக்குத்தான் மதிப்புக் குறைவு. யாராவது அவசரமாக அந்தப் பக்கம் நடந்தால்கூட, "இங்க ஒரு காலத்துல மல்லாட்ட எப்பிடி காச்சிது தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார். போகிறவன் நின்று வேர்க்கடலைக் கதை கேட்கிற நிலையில் இருக்கமாட்டான்.

நாலாம் நம்பர்தான் நம் கதைக்கு வேண்டியவர். அவருடைய ரெண்டு ஏக்கரும் கிணறும் இருந்த இடத்தில் பிரஸ் ஷாப். தகடு அடிக்கிற பெரிய மெஷின் கிணற்றை மூடிய இடத்துக்கு நேர் மேலே நிற்கிறது. அது ஒவ்வொரு தடவை இறங்கும்போதும், "கீய தண்ணி குலுங்குது பாரு" என்பார். திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசர், கழிவுத் தகடு போடுகிற தொட்டியை நாலடி தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார்.

"அங்க வெக்க முடியாது சார்" என்றார் நாலாம் நம்பர்.

"ஏன் முடியாதுங்கீரு? எடம் சும்மாதான கெடக்கு."

"அது வரப்புக்கு அந்தாண்ட. அஞ்சாம் நம்பரு நெலம். எனக்கும் அவுனுக்கும் ஏற்கெனவே தகராறு. வேணும்னா நீ போயி அவுன கேளு."

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். வழவழவென்று சிமென்ட் தரை. வரப்பு எங்கே என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் நான் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் சொல்வேன். அவள் நாலாம் நம்பரின் மகள். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். அவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் படப்பைக்கு டைப்ரைட்டிங் கற்கப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் மாடியில் துணி எடுக்க வரும்போது, "இன்னிக்கு எங்க மகாராஜா இன்னா பண்ணாரு?" என்று கேட்பாள். நான் சொல்வேன். அவள் சிரித்தபடியே துணியை மடிப்பாள். சில நாளில் மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடிப்பாள். அதைக் கவனித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

ஆரம்பத்தில் அவள் அப்பாவை நான் "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளே சொன்னாள்: "அவரு உனுக்கு அண்ணன்னா, நீ எனுக்கு சித்தப்பா ஆவுற. அது பரவால்லயா?" மறுநாளிலிருந்து "ஐயா" ஆக்கிவிட்டேன். "மாமா" என்று கூப்பிட வாய் அரித்தது, ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது அல்லவா.

அந்த முறைப்படி ஆவணி மாதத்தில் என் தாய்மாமன் காஞ்சிபுரத்திலிருந்து பூ, பழத்தோடு பெண் கேட்டு வந்தார். சாதியில் இடிக்கவில்லை, ரெண்டு வீடும் ஒன்றுதான். ஜாதகத்திலும் பத்துக்கு எட்டுப் பொருத்தம். எல்லாம் கூடிவந்த நேரத்தில் நாலாம் நம்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"பையனுக்கு இன்னா நம்பரு?"

மாமா அதைக் கதவிலக்கம் என்று நினைத்து எங்கள் தெரு விலாசத்தை முழுசாகச் சொன்னார்.

"அது இல்லீங்க. கம்பெனில."

நான் மெதுவாகச் சொன்னேன். "எஸ் பதினேழு." ஆபீஸ் ஆட்களுக்கு நம்பருக்கு முன்னால் எஸ் என்று ஓர் எழுத்துப் போடுவார்கள். எங்களுக்கு அது பெருமை. பலகையில் ஆணி கிடையாது, கையெழுத்துதான்.

"எழுத்து போட்டதெல்லாம் ஒரு நம்பரா? அது பஸ்ஸுக்குத்தான் போடுவாங்க" என்றார். பிறகு என் மாமாவிடம், மிகவும் மரியாதையாக, "தப்பா எடுத்துக்காதீங்க. பையன் தங்கம். ஆனா ஒத்த நம்பரு வூட்டுப் பொண்ண ஒத்த நம்பரு வூட்டுக்குத்தான் குடுக்கறது வயக்கம். ஒண்ணாம் நம்பரு வூட்ல ரெண்டாவது பையனுக்குக் கேட்டுக்கினு கீறாங்க. தை பொறந்தா பேசிடலாம்னு கீறேன்" என்றார்.

அந்த வழக்கத்துக்கு வயது ஏழு வருஷம். என் மாமா பழத்தட்டை எடுத்துக்கொள்வதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் ரெண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். பஸ் ஏறும்போது, "இன்னாடா இது, மன்னர் குடும்பமா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. தை பிறக்க ஐந்து மாதம்கூட இல்லை.

ஐப்பசியில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஒரு தனி அறை, குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எங்கள் மேனேஜர் முதல் நாள் கற்பூரம் காட்டப் போனார். புகை ஆகாது என்று மெட்ராஸிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் பாய்ந்து தடுத்துவிட்டார். இனிமேல் பித்தளை வில்லை கிடையாது, அட்டைதான். கடிகாரம் வைத்த மெஷினில் அட்டையைச் சொருகினால் அதுவே நேரம் குத்தும். பழைய நம்பர்கள் செல்லாது. ஆபீஸ், ஷாப் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பட்டியல், ஆங்கில அகரவரிசைப்படி புது நம்பர். பெயர்களைத் தட்டிக் கொடுக்கவேண்டியவன் நான்.

செய்தி எப்படியோ கசிந்து, அன்றைக்குச் சாயங்காலமே நாலாம் நம்பர் மாடிக்கு வந்தார். எட்டு மாதத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுவே முதல் தடவை. நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"ஊரு நம்பர எல்லாம் மாத்திக்கோ. நாலு மட்டும் அப்பிடியே இருக்கட்டும்."

"என் கையில இல்லைங்கய்யா. மெஷின்தான் போடுது."

"மெஷினுக்குத் தட்டித் தர்ற கை உன்னுதுதான?"

"தட்டிக் குடுக்கறதோட சரிங்க. வரிசை அதுவேதான் போடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், வரிசை போடுகிற மெஷின் ஒன்று உலகத்தில் இருக்கமுடியும் என்று அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. கீழே இறங்கிப்போய்விட்டார்.

பதிவேட்டில் இருந்தபடியே நான் முந்நூற்றுச் சொச்சம் பெயர்களையும் தட்டினேன். நம் ஊர்ப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கும்? முன்னால் அப்பாவின் இனிஷியல், அப்புறம் பெயர். மெஷின் முன்னால் இருப்பதைத்தான் பார்க்கும். ஆக, அத்தனை பேரையும் அது அவரவர் அப்பா பெயரின் முதல் எழுத்தை வைத்து நிற்கவைத்துவிட்டது. உலகத்திலேயே புதிய இயந்திரம், எங்கள் கம்பெனிக்குள் நுழைந்த முதல் நாளே ஒவ்வொருவனையும் பார்த்துக் கேட்ட கேள்வி, "உங்கப்பன் பேரு இன்னா?" என்பதுதான். கம்ப்யூட்டர்காரர் தலையைச் சொறிந்தார். அட்டை அச்சாகிவிட்டது, இனி மாற்றமுடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

நீளமான காகிதத்தில் பட்டியல் கிறீச் கிறீச் என்று வெளியே வந்தது. புது ஒன்றாம் நம்பர், கேன்டீனில் வெங்காயம் உரிக்கிறவர். ரெண்டு, ஒரு வெல்டர். மூன்று, மேனேஜரின் டிரைவர். நாலு என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். என் பெயரேதான். என் அப்பா பெயர் ஆங்கில முதல் எழுத்தில் ஆரம்பிப்பது என் தப்பா? பழைய நாலாம் நம்பருக்கு இப்போது இருநூற்று அறுபத்திரண்டு. அந்தக் காகிதத்தை அங்கேயே தின்றுவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன்.

புது அட்டை நடைமுறைக்கு வந்த அன்று ஒன்பது பேரும் கேட்டில் நின்று உள்ளே வரமாட்டோம் என்றார்கள். மேனேஜர் வந்து, "கம்பெனியில எல்லாரும் சமம், நம்பர்ல என்ன இருக்கு" என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, ஆறாம் நம்பரின் நிலத்தில் கட்டிய, மேசை விரிப்புப் போட்ட ஆபீசர்கள் சாப்பாட்டு அறைக்கு டிபன் சாப்பிடப் போனார். மணி ஆக ஆக ஒவ்வொருவராக அட்டையை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நம்பர்கூட எடுத்துக்கொண்டார். புதுக் கணக்கில் அவருக்கு எட்டு. ஓர் இடம் முன்னேறியிருந்ததால் ரொம்ப நேரம் கோபமாக இருக்க அவரால் முடியவில்லை.

நாலாம் நம்பர் மட்டும் எடுக்கவில்லை. அட்டைத் தட்டின் முன்னால் வந்து நின்றார். நாலு என்று எழுதியிருந்த இடத்தில் இருந்த அட்டையை உருவி, எழுத்துக்கூட்டிப் படித்தார். என் பெயர். டைம் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். அட்டையைப் பத்திரமாக அதே இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த பழைய பலகைக்குப் போனார். நாலாவது ஆணியை விரலால் தொட்டுப்பார்த்தார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு மாதமாக நான் இவரை வைத்துச் சிரித்திருக்கிறேன். அந்த விரல் ஆணியில் பட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ரெண்டு ஏக்கர், ஒரு கிணறு, வரப்போரத்துப் பனைமரங்கள், அத்தனையும் போய் இந்த மனிதர் கையில் மிச்சம் இருந்தது ஒரு நம்பர்தான். அதையும் நான் எடுத்துக்கொண்டேன். நான் எடுக்கவில்லைதான். ஆனால் என் பெயரில்தானே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, "மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணிடு" என்றார். ஊரே பேசியது: டைம் ஆபீஸ்காரன் தானே தட்டி, தானே ஒத்த நம்பர் போட்டுக்கொண்டான், பெண்ணை மடக்க. நான் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. மூன்று நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மாடிக்குத் துணி எடுக்க அவள் அம்மா வந்தார்கள். அவர்கள் துணியைக் கொடியிலிருந்து எடுத்தவுடன் போய்விடுவார்கள், மடிப்பதே இல்லை.

நாலாம் நாள் பழைய வில்லைகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார்கள். சாக்கில் கட்டிக் கொடுத்தது நான்தான். எடைதான் போட்டார்கள், யாரும் எண்ணவில்லை. ஒரு வில்லை என் சட்டைப் பையில் இருந்தது. வேலையில் நான் செய்த ஒரே திருட்டு அது, இன்றைக்கும் வருத்தமில்லை.

வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் வில்லையை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது உங்களுதுங்கய்யா. அட்டைய என்னால மாத்த முடியல. இத மட்டுந்தான் கொண்டாற முடிஞ்சுது."

அவர் வாங்கி, கட்டைவிரலால் அந்த நாலைத் தடவினார். ஏழு வருஷம் அவர் கை பட்டுத் தேய்ந்த நாலு.

"கையெழுத்து போட்ட அன்னிக்குக் காலைல கூட கெணத்துல தண்ணி எறச்சேன்" என்றார். "எதுக்கு எறச்சேன்னு இன்னிக்கு வரிக்கும் தெரில."

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே மகள்தான் வாயைத் திறந்தாள், ஏதோ காய்கறி விலை சொல்கிற மாதிரி.

"வில்ல நம்ம வூட்டுக்கு வந்துடுச்சி. நம்பரு மட்டும் வெளிய போவுது. ஒண்ணாம் நம்பரு வூட்ல இப்ப இன்னா நம்பருப்பா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "நூத்தி எண்பதோ இன்னாவோ."

"அப்ப ஒத்த நம்பரு வூட்டுப் பொண்ண நூத்தி எண்பதுக்கா குடுக்கப்போற? நாலு இங்க மாடிலயே கீது. நீதான் காலி பண்ணச் சொல்ற."

அவள் அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். அவர் முகத்தில் முதலில் கோபம் வந்தது, அப்புறம் குழப்பம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது. சிற்றரசர்கள் பக்கத்து நாட்டுக்குப் பெண் கொடுத்து எல்லையைக் காப்பாற்றிய கதையெல்லாம் சரித்திரப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவன் நான். அந்த யோசனை ஒரு மனிதர் முகத்தில் உதிப்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் படிப்பையோ குணத்தையோ பார்க்கவில்லை. கைவிட்டுப்போன ஒரு சொத்தைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது.

"உங்க மாமாவுக்கு லெட்டர் போடு" என்றார். "தையில வரச் சொல்லு."

காதலித்த பெண் கிடைத்தாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நம்பர் திரும்பி வந்தது என்று அவர் சந்தோஷப்பட்டார். மறுநாள் இருநூற்று அறுபத்திரண்டை எடுத்துச் சொருகிவிட்டு பிரஸ் ஷாப்புக்குப் போனார். போகிற வழியில் அஞ்சாம் நம்பரை நிறுத்தி, "நாலு எங்க போச்சின்னு கேட்டியே, மாப்ள கிட்ட கீது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

தை மாதம் கல்யாணம். முதல் பந்தியில் புது ஒன்றாம் நம்பரை, அந்த வெங்காயம் உரிக்கிறவரை, முதல் இலையில் உட்காரவைக்க வேண்டும் என்று என் மாமனார் பிடிவாதமாக நின்றார். முறை என்றால் முறைதானாம். அந்த மனிதர் கூச்சத்தில் பாயசத்தைத் தொடவே இல்லை. பழைய ஒன்றாம் நம்பர் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார், அப்புறம் பழக்கதோஷத்தில் பந்தி பந்தியாகப் போய் உபசரிக்க ஆரம்பித்துவிட்டார்.

பெண்ணை அனுப்பிவைக்கிற நேரம். அனுப்புவது மாடிக்குத்தான், இருந்தாலும் எல்லாரும் அழுதார்கள். என் மாமனார் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். பித்தளை வில்லை. புளி போட்டுத் துலக்கியிருந்தார். எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன்.

"உனுக்கு எதுக்கு?" என்றார். "உன்னுது அட்ட. நாளிக்கே வேற மெஷின் வந்தா மாத்திடுவான். நீ வாடகக்கி இருக்கறவன் மாப்ள."

மகளின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"நெலத்த வித்த காசு உன் காதுல, கயுத்துல கீது. நெலம் இதான். யாரு கேட்டாலும் கையெழுத்து போட்றாத."